நீறு பூத்த நெருப்பில் ஒரு ஜாஃபிள்

"இதுக்காடா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே? இது நம்ம வீட்டு பிரெட் டோஸ்டர்தானே?"

பார்மா காட்டில், மர்ரே ஆற்றங்கரையில், மடக்கு நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, என் கையிலிருந்த இரும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி. மெல்போர்னிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, கூடாரம் அடித்து, விறகு மூட்டையை இறக்கி வைத்திருந்தேன். "இந்த ஊர்க்காரங்க காட்டுல மட்டும் சாப்பிடுற ஒரு ஐட்டம் பண்ணித் தரப்போறேன்" என்று காலையிலிருந்து கொடுத்துவந்த பில்டப் அந்த ஒரு கேள்வியில் பொசுக்கென்று போய்விட்டது.

அம்மா சொன்னது தப்பில்லை. தொண்ணூறுகளில் பல வீடுகளில் இருந்த அந்த அலுமினிய டோஸ்டர் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். புத்தகம் மாதிரித் திறந்து மூடும் இரண்டு தகடுகள், கறுப்புக் கைப்பிடி, கைப்பிடியின் நுனியில் மாட்டிக்கொள்ள ஒரு கம்பி வளையம். எங்கள் மதுரை வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் பரணிலிருந்து இறங்கும். மத்தியானம் மிஞ்சிய உருளைக்கிழங்கு வறுவலை மசித்து, இரண்டு பிரெட்டுக்கு நடுவில் வைத்து, கேஸ் அடுப்பின் மேல் காட்டித் திருப்பித் திருப்பிப் போடுவாள் அம்மா. கொஞ்சம் அசந்தால் கைப்பிடி கருகி வீடு முழுக்க பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். என் கையில் இருந்தது அதே சாமான்தான். வார்ப்பிரும்பு, வட்டமான குழி, முழங்கையைவிட நீளமான கைப்பிடி. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஜாஃபிள் அயர்ன் என்று பெயர். உள்ளே வெந்து வருவது ஜாஃபிள். ("ஜாங்கிரி மாதிரியா?" என்றாள் அம்மா.) 1949-ல் சிட்னியின் பாண்டை பகுதியைச் சேர்ந்த டாக்டர் எர்னெஸ்ட் ஸ்மிதர்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கடற்கரைக்குப் பேர்போன அதே பாண்டைதான். ஆனால் அவருக்கு முன்னால் உலகத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1920-களிலேயே 'டோஸ்ட்விச்' என்று ஒன்று வந்துவிட்டது. அங்கே இன்றைக்கு இதைப் 'பை அயர்ன்' என்கிறார்கள். 1974-ல் சிட்னியின் பிரெவில் நிறுவனம் இதையே மின்சாரத்துக்கு மாற்றி, நடுவில் கோடு போட்டு முக்கோணமாக வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. அதன்பிறகு வீட்டுக்குள் ஜாஃபிள் இரும்பைத் தேடுவாரில்லை. காட்டுக்கு மட்டும் அது போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே பிளக் பாயின்ட் கிடையாதே.

சாதாரண சாண்ட்விச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஓரத்தில் இருக்கிறது. இரும்பின் விளிம்பு ரொட்டியை அழுத்தி, இரண்டு துண்டுகளையும் ஒட்டி மூடிவிடும். நம் சோமாஸ் ஓரத்தைக் கரண்டியால் அழுத்தி மூடுவோமே, அந்த மாதிரி. உள்ளே குழம்பே இருந்தாலும் வெளியே வராது. ஓரம் மூடாவிட்டால் அது வெறும் டோஸ்ட், ஜாஃபிள் இல்லை. இந்த விஷயத்தில் நான் கறார்.

இப்போது இவ்வளவு பேசுகிறேனே தவிர, என் முதல் ஜாஃபிளை நாய்க்குப் போட்டிருந்தால் நாயும் சாப்பிட்டிருக்காது.

இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம். நண்பர்களோடு கிராம்பியன்ஸ் மலைக்குப் போயிருந்தோம். ஒரு தள்ளுபடிக் கடையில் வாங்கிய இரும்பு. உள்பக்கம் நான்ஸ்டிக் பூச்சு, வழவழவென்று பார்க்க அழகாக இருந்தது. தீ நன்றாக எரிந்துகொண்டிருந்தது. எரியும் தீயில் நீட்டினால்தானே சீக்கிரம் வேகும் என்று ஜுவாலைக்கு நட்ட நடுவில் நீட்டினேன். இரண்டே நிமிஷம். திறந்தால் கரிக்கட்டை. உடைத்துப் பார்த்தால் உள்ளே சீஸ் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்தபடி சில்லென்று இருந்தது. அடுத்ததை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்; ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெள்ளை. மூன்றாவதற்குள் பூச்சு கொப்புளித்து உரிய ஆரம்பித்து, தொண்டையைக் கமறும் ஒரு வாடை வந்தது. அந்த வகைப் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன். விறகுத் தீக்கு முன்னால் அது எம்மாத்திரம்? மிச்சமிருந்த ரொட்டியை அப்படியே ஜாம் தடவித் தின்றோம்.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், எழுபது வயதிருக்கும். நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் தன்னுடைய இரும்பை எடுத்துக்கொண்டு வந்தார். கன்னங்கரேலென்று இருந்தது, அவருடைய அப்பாவிடமிருந்து வந்ததாம். நான் ரொட்டியை எடுக்கப் போனதும் கையை நீட்டித் தடுத்தார். "அவசரப்படாதே மேட். இப்போது ஒரு பீர் குடி. முடிந்ததும் இன்னொன்று குடி. அப்புறம் பேசலாம்" என்றார்.

எனக்கு பீர் பழக்கமில்லை. இரண்டு டீ குடித்தேன். அதற்குள் தீ படுத்துவிட்டது. எனக்குப் பதற்றம், அணைகிறதே, இன்னும் விறகு போடலாமே என்று. அவர் அசையவில்லை. கடைசியில் கட்டைகள் உடைந்து கங்கு கங்காகி, மேலே வெள்ளையாகச் சாம்பல் படர்ந்தபோதுதான் எழுந்தார்.

நீறு பூத்த நெருப்பு. பத்திரிகைகளில் அரசியல் கட்டுரைக்குக் கட்டுரை வருகிற சொல். உள்கட்சிப் பூசல், சாதித் தகராறு, எதற்கெடுத்தாலும் அதைத்தான் எழுதுவார்கள். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை அதன் நேர்ப் பொருளில் பார்த்தேன். சமைக்கத் தெரிந்த யாரோ, அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, "இப்ப போடலாம்" என்று சொன்ன இடத்தில்தான் அது பிறந்திருக்க வேண்டும்.

ஜுவாலை நிலையில்லாதது. காற்று திரும்பினால் திரும்பும், ஒரு நொடி இருக்கும் சூடு மறு நொடி இருக்காது. அதன் மஞ்சள் நிறமே எரியாத கரித்துகள் தகிப்பதால் வருவது. அந்தக் கரி அப்படியே இரும்பில் அப்பிக்கொள்ளும். கங்கு அப்படியில்லை. சூட்டை ஒரே சீராக வீசிக்கொண்டே இருக்கும். சாம்பல் ஒரு போர்வை மாதிரி மேலே இருந்து அதை நிதானப்படுத்தும். ஜாஃபிளுக்கு வேண்டியதும் நிதானம்தான். உள்ளே இருப்பது சூடாகிற வரைக்கும் வெளியே இருப்பது காத்திருக்க வேண்டுமே. தென்னாப்பிரிக்காவில் 'பிராய்ப்ரூய்கி' என்று ஒன்று உண்டு. சீஸ், தக்காளி, வெங்காயம், சட்னி வைத்த ரொட்டியைக் கம்பி வலைக்குள் பூட்டிச் சுடுவது. அங்கே இறைச்சியெல்லாம் சுட்டு முடித்து, கங்கு தணிந்த பிறகு கடைசியாகத்தான் அதைப் போடுவார்கள்.

பார்மாவுக்குத் திரும்புகிறேன். அன்றைக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. விறகைப் பற்ற வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால், அம்மா ஒரு குச்சியால் கங்குகளைத் தீயிலிருந்து பிரித்து, ஒரு பக்கமாக இழுத்துப் பரப்பிக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா பண்றே?"

"தீயில வச்சா எதுடா வேகும்? தணல்லதானே சுடணும். உங்க ஆச்சி குமுட்டி அடுப்புல அப்பளம் சுடுவாங்களே, பார்த்ததில்லையா நீ?"

பார்த்திருக்கிறேன். கரி போட்ட குமுட்டி அடுப்பு, மேலே விரலால் திருப்பித் திருப்பிப் போடும் அப்பளம், ஊதி ஊதிக் கண் சிவந்த ஆச்சி. பார்த்தும் உறைக்கவில்லை. ஒரு பயணமும் ஒரு லாரி ஓட்டுநரும் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை அம்மா குச்சியால் கிளறிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள். நான் வெங்காயத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கங்கை முகர்ந்து பார்த்து, "தைல மரமா?" என்றாள். அதுவும் சரி. வழியில் பெட்ரோல் பங்கில் வாங்கிய மூட்டை, ரெட் கம் கட்டைகள். இந்த ஆற்றங்கரை முழுக்க நிற்பதும் அதே மரம்தான். நம்மூரில் தைல மரம் என்று வரிசை வரிசையாக நட்டு வைத்திருப்பதெல்லாம் இதன் பங்காளிகள். இதே ரெட் கம்மும் அவற்றில் உண்டு. கட்டை தேக்கைவிடக் கனம். அதனால்தான் கங்கு சட்டென்று பொடியாகாமல் நெடுநேரம் நிற்கிறது. சுருக்கென்று எரிந்து முடியும் விறகை நம்பினால், நான்கு பேருக்குச் சுடுவதற்குள் அடுப்பு ஆறிவிடும்.

சரி, செய்முறை.

ரொட்டி சாதாரண வெள்ளை ரொட்டி, நேற்று வாங்கியது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் சவர்டோ வேண்டாம், உள்ளிருப்பது ஒழுகும். இரும்பை முதலில் வெறுமனே கங்கின் மேல் இரண்டு நிமிஷம் காயவிட வேண்டும். ரொட்டியின் வெளிப்பக்கத்தில் வெண்ணெய், ஓரம் வரைக்கும். நடுவில் மட்டும் தடவிவிட்டு ஓரத்தை விட்டால் ஓரம்தான் முதலில் ஒட்டும். வெண்ணெய்ப் பக்கம் இரும்பில் படும்படி வைத்து, கரண்டியின் முதுகால் நடுவில் லேசாக அழுத்தினால் ஒரு குழி கிடைக்கும். அதில் கீழே ஒரு சீஸ் துண்டு, நடுவில் மசாலா, மேலே இன்னொரு சீஸ் துண்டு. மசாலா மூன்று தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. ஆசைப்பட்டு நான்காவது போடுகிறவர்களுக்கு இரும்பு மூடாது. மேல் ரொட்டியை வைத்து மூடிக் கொக்கியை மாட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்களைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளலாம். போசத்துக்குப் போடாதீர்கள், காட்டு விலங்குக்குத் தீனி கொடுப்பது இங்கே கூடாது. ஒரு நாள் போட்டால் மறுநாள் அது கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

இனிமேல் கண்ணுக்கு வேலையில்லை. இரும்பு மூடியிருக்கிறது, காதும் மூக்கும்தான். முதலில் வெண்ணெய் சொர்ரென்று இரையும், விளிம்பிலிருந்து ஆவி வரும். ரொட்டியின் மேற்பரப்பில் இருக்கும் ஈரம் வெளியேறும் சத்தம் அது. ஈரம் இருக்கிறவரை மேற்பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாதவரை சிவக்காது. ரொட்டி சிவந்து அந்த வறுபட்ட வாசனை வர சுமார் 140 டிகிரி வேண்டும். ஆக, இரைச்சல் அடங்குகிறது என்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது, சிவக்க ஆரம்பிக்கப் போகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் போனை எடுத்தால் போச்சு. பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவில் அரை நிமிஷம்கூடக் கிடையாது. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் என்று கணக்கு சொல்வார்கள். கங்கைப் பொறுத்து அது மாறும். திருப்புவதற்கு முன்னால் ஒரு தடவை லேசாகத் திறந்து பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. லாரிக்காரப் பெரியவரே பார்ப்பார்.

அம்மா பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ம், திருப்பு" என்றாள். திருப்பினேன். பிறகு "எடு" என்றாள். எடுத்துத் தட்டில் கவிழ்த்தேன். நெய்த்தோசை நிறம், வட்டமாக, நடுவில் உப்பி, ஓரம் முழுக்க ஒட்டி ஒரு பறக்கும் தட்டு மாதிரி வந்து விழுந்தது.

உடனே கடிக்காதீர்கள். அந்தத் தட்டுக்குள் ஆவி அடைபட்டுக் கிடக்கிறது. தக்காளியோ ஜாமோ உள்ளே இருந்தால் மேலண்ணம் வெந்துவிடும், இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. மூன்று நிமிஷம் பொறுங்கள்.

உள்ளே என்ன வைப்பது என்பதில் இந்த ஊர்க்காரர்களோடு எனக்கு ஒத்துவராது. டின்னில் வரும் பேக்டு பீன்ஸ், டின்னில் வரும் ஸ்பகெட்டி, இவைதான் இங்கே பரம்பரை ஜாஃபிள். மாவுக்குள் மாவு வைத்துத் தின்பதில் என்ன இருக்கிறதோ. ஆனால் முதல் நாள் ராத்திரி மிஞ்சிய கொத்துக்கறி, பூரிக்குச் செய்த உருளைக்கிழங்கு மசால் இரண்டுக்கும் இதைவிட நல்ல கதி கிடையாது. மசால் கெட்டியாக இருக்க வேண்டும், தண்ணீர் விட்டிருந்தால் ரொட்டி ஊறிக் கிழியும். முட்டை வைக்கலாம்: குழியில் உடைத்து ஊற்றி, மிளகு தூவி, வெள்ளைக்கரு உறைகிறவரை இரும்பைச் சாய்க்காமல் பிடிக்க வேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கு ஆகாது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. "அண்ணை, பாணுக்குள்ள சீனிச்சம்பலை வச்சு, மேல சீஸைப் போட்டுச் சுட்டுப் பாருங்கோ. பிறகு என்னட்டை ஒண்டும் கேக்கமாட்டியள்" என்றார். வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கி, மாசி, மிளகாய்த்தூள், புளி, சீனி சேர்த்த அந்தச் சம்பலின் இனிப்பும் உறைப்பும் சீஸின் உப்போடு சேரும்போது, உண்மையிலேயே ஒண்டும் கேக்கத் தோன்றவில்லை. ஒரு எச்சரிக்கை: சம்பலில் சீனி இருப்பதால் ஓரம் வழியாகக் கசிந்தால் இரும்பில் பாகாகிக் கருகும். குறைவாக வையுங்கள்.

இரும்பு வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வார்ப்பிரும்பு வாங்குங்கள். அலுமினியம் இலேசு, முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களுக்குச் சரி, ஆனால் கண நேரத்தில் காய்ந்து கண நேரத்தில் ஆறும். கங்கின் கூடக்குறைய எல்லாம் அப்படியே ரொட்டியில் தெரியும். கைப்பிடி நீளமாக, நுனியில் மரக்கட்டை வைத்ததாக இருக்கட்டும். புது இரும்பைத் தோசைக்கல் மாதிரிப் பழக்க வேண்டும்: எண்ணெய் தடவிக் காயவிட்டு, துடைத்து, மறுபடி தடவி. சோப்பில் ஊறப்போடக் கூடாது. கழுவினால் கங்கின் மேல் ஒரு நிமிஷம் காட்டி ஈரத்தை ஓட்டிவிட்டு, துளி எண்ணெய் தடவி மூடி வைக்கலாம். அம்மா என் இரும்பைப் பார்த்த பார்வையில், நான் அதைச் சரியாகப் பழக்கவில்லை என்பது தெரிந்தது. அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினாள்.

தீ மூட்டுவதற்கு இங்கே சட்டம் இருக்கிறது, ஊர்ப்பழக்கத்தில் கண்ட இடத்தில் கல் வைத்து மூட்டிவிடாதீர்கள். விக்டோரியா மாநிலத்தில் கட்டிவைத்த தீக்குழியில் மூட்ட வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 30 செ.மீ. ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். சுற்றிலும் 3 மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் மூட்டக் கூடாது. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கு ஜாஃபிள் கிடையாது, ரொட்டியும் ஜாமும்தான். நாங்கள் போன ஏப்ரல் கடைசியில் கோடை அடங்கியிருந்தது. அப்படியும் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் கிளம்பினோம்.

கடைசி ஜாஃபிளை வாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரையும் வைத்துச் சுட்டு, அம்மாவும் நானும் என் மகளுமாக மூன்று பேர் பிய்த்துத் தின்று முடித்தபோது மணி ஒன்பது. குளிர் ஏறியிருந்தது. குழியில் ஒன்றுமே இல்லாத மாதிரி வெறும் சாம்பல். மகள் எழுந்து, காலால் மண்ணைத் தள்ளி மூடப் போனாள்.

"ஏய், இரு இரு" என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "மேலதான் சாம்பல். உள்ள அப்படியே இருக்கும்."

மண்ணைப் போட்டு மூடினால் கங்கு அணையாது. சூட்டை உள்ளேயே பொத்தி வைத்துக்கொண்டு மறுநாள் காலைவரை கிடக்கும்; மேலே பார்த்தால் வெறும் தரை. அதில் வெறுங்காலோடு ஓடி வந்து மிதித்த குழந்தைகள் இந்த நாட்டில் வருஷா வருஷம் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஆற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. குச்சியால் கிளறிவிட்டு மூன்றாவது வாளி. அப்புறம் அம்மா குனிந்து புறங்கையைச் சாம்பல் மேல் வைத்துப் பார்த்து, "இன்னொரு வாளி ஊத்து" என்றாள்.

நீங்கள் போனாலும் தண்ணீரை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு தீயை மூட்டுங்கள். மண் போட்டு மூடாதீர்கள். கை வைத்துப் பார்த்துச் சூடு இல்லையென்றால்தான் படுக்கப் போங்கள்.